ஒளிபுகலும் ஒளிகசிவும்: கணினித்திரைச் சாளரங்களின் தொழில்நுட்ப வரலாறு (1973–2025)

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினி இயங்குதளங்களின் சாளரங்களும் பட்டியல்களும் கண்ணாடிபோலத் தோன்றுவதற்குக் காரணமான தொழில்நுட்பத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பின்னால் இருப்பதைக் காட்டும் கணக்கு 1977க்கும் 1984க்கும் இடையிலேயே முழுமை பெற்றுவிட்டது. சாளரங்களுக்கு அது வந்து சேர்ந்தபின் நடந்தவற்றுள் பெரும்பகுதி, காட்டியதை மறுபடியும் மறைப்பதற்கான முயற்சியே என்பது இதன் வாதம். நெக்ஸ்ட், மேக், எக்ஸ் சாளர அமைப்பு, விண்டோஸ் ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து சான்றுகள் எடுத்தாளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒளிபுகல், ஒளிகசிவு, ஆல்ஃபா, அடுக்கிணைப்பு, மங்கலாக்கம், படிப்பெளிமை

முன்னுரை

தமிழ்வழிப் பள்ளி அறிவியல் நூல்கள் பொருள்களை ஒளிபுகும் பொருள், ஒளிகசியும் பொருள், ஒளிபுகாப் பொருள் என மூன்றாகப் பகுக்கின்றன. கண்ணாடி முதல் வகை. எண்ணெய் தோய்ந்த தாள் இரண்டாம் வகை. மரப்பலகை மூன்றாம் வகை. கணினித்திரையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுப்பு பெரும்பாலும் கைவிடப்படுகிறது. பின்னால் உள்ள எழுத்து அப்படியே தெரியும் சாளரமும், நிறம் மட்டும் மங்கலாகக் கசியும் சாளரமும் ‘ஒளிபுகும் தன்மை’ என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு கணக்கால் உருவானவை. முதலாவது எளிது, பயன் குறைவு. இரண்டாவது கடினம், இன்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அதுவே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்த வழியே இக்கட்டுரையின் பொருள்.

மறைந்தது இல்லாதிருந்த காலம்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்ட்டோ கணினியில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்கள் அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் ஸ்மால்டாக் சூழலின் வழியே தோன்றின. மேசைமீது பரப்பிய தாள்களைப் போன்றவை அவை என்று விளக்குவது வழக்கம். அவ்வுவமை ஓரிடத்தில் பிழைபடுகிறது. மேசையில் ஒரு தாளின்மேல் மற்றொன்றை வைத்தால் கீழ்த்தாளில் எழுதியது அங்கேயே இருக்கும். அக்காலக் கணினித்திரையில் அது இராது. திரைக்கென்று இருந்தது ஒரே ஒரு நினைவகப் பரப்பு. மேற்சாளரம் அதில் வரையப்பட்டதும் கீழ்ச்சாளரத்தின் அப்பகுதிப் படப்புள்ளிகள் அழிந்தன. மேற்சாளரம் நகர்ந்தால், வெளிப்பட்ட இடத்தை மறுபடியும் வரையுமாறு கீழ்ச்சாளரத்துக்கு உரிய செயலியை இயங்குதளம் கேட்டுக்கொண்டது.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கணக்குப் பார்த்துச் செய்தது. 1984இல் வெளிவந்த முதல் மேக்கின்டாஷின் திரை 512×342 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட். முழுத்திரைப் படம் ஒன்றுக்கு 21,888 பைட்டுகள் தேவை. அக்கணினியின் மொத்த நினைவகமோ 128 கிலோபைட், அதாவது 1,31,072 பைட்டுகள். முழு அளவுள்ள ஆறு சாளரங்கள் தத்தம் படத்தைச் சேமித்து வைத்திருந்தால் 1,31,328 பைட்டுகள் ஆகியிருக்கும். மற்ற எதற்கும் இடமே இருந்திராது. ஆகவே சாளரத்தின் புலப்படும் பகுதியை மட்டும் கணித்து அதற்குள் வரையும் முறையே சிக்கனமாக இருந்தது.

இதன் விளைவு எளிதாகச் சொல்லக்கூடியது: பின்னால் இருப்பதைக் காட்ட வேண்டுமானால் பின்னால் ஏதேனும் இருக்க வேண்டும். அக்காலத் திரையில் எதுவும் இல்லை. சாளரத்தை இழுக்கும்போது அதன் எல்லைக்கோடு மட்டும் நகர்ந்ததும் இதனால்தான். அக்கோடு அடியிலுள்ள புள்ளிகளைத் தலைகீழாக்கி வரையப்பட்டது. அதே இடத்தில் இரண்டாம் முறை வரைந்தால் பழைய படம் மீண்டது. அடிப்படத்தை அழிக்காமல் அதன்மேல் ஒன்றைக் காட்டும் வழி என்ற அளவில், ஒளிபுகும் விளைவின் மிக மலிவான முன்னோடியாக இதனைக் கருதலாம்.

ஆல்ஃபா

ஒளிபுகலின் கணக்கு திரைப்படக் கலையிலிருந்து வந்தது. சாளரங்களுக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகியோர், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களுடன் நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்தே வைக்கலாம் எனக் கண்டனர். அப்புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதை அவ்வெண் குறித்தது. சூத்திரத்தில் அதற்கு இட்ட கிரேக்க எழுத்தே ‘ஆல்ஃபா’ என்ற பெயராக நிலைத்தது. 1984இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் வெளியிட்ட கட்டுரை, ஆல்ஃபா உள்ள இரு படங்களை இணைப்பதற்கான 12 வினைகளை வரையறுத்தது. அவற்றுள் ‘மேல்’ எனும் வினையே இன்றைய திரைகளில் ஓயாமல் நிகழ்வது:

விளைவு = ஆல்ஃபா × முன்படம் + (1 − ஆல்ஃபா) × பின்படம்

ஆல்ஃபா 1 எனில் மரப்பலகை. 0 எனில் வெறும் காற்று. இடைப்பட்ட எல்லா நிலைகளையும் இந்த ஒரு வரி அடக்கிவிடுகிறது. முன்படத்தின் நிறங்களை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பெருக்கல் மிச்சமாகும் என்பதும் அக்கட்டுரையில் அமைந்த நடைமுறை அறிவு. நால்வரும் இப்பணிக்காக 1996இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருதைப் பெற்றனர்.

தனித்தனி நினைவகம்

கணக்கு கிடைத்துவிட்டது, பின்படத்தைத்தான் இன்னும் காணவில்லை. சாளரம் ஒவ்வொன்றும் திரைக்கு வெளியே தனக்கென ஒரு நினைவகப் பரப்பில் தன்னை வரைந்துகொள்ள, இன்னொரு நிரல் அப்பரப்புகளை அடுக்கி இணைத்துத் திரையில் இடும் முறை தேவைப்பட்டது. இதனை அடுக்கிணைப்பு எனலாம். 1988இல் அறிமுகமான நெக்ஸ்ட் கணினியின் மென்பொருள் இத்திசையில் முதன்மையான அடிவைப்பு. அதில் சாளரங்கள் தம் படத்தைத் தனியே சேமித்து வைக்க முடிந்தது. போர்ட்டர்–டஃப் வினைகள் அதன் வரைமொழியிலேயே இடம்பெற்றன. கறுப்பு, வெள்ளை, இடையே இரண்டு சாம்பல் நிறங்கள் மட்டுமே கொண்ட திரையில் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. நிறம் வருவதற்கு முன்பே ஆல்ஃபா வந்துவிட்டது.

நெக்ஸ்டின் வழித்தோன்றலான மேக் ஓஎஸ் எக்ஸ் 2001 மார்ச் 24 அன்று வெளியானபோது எல்லாச் சாளரங்களும் அடுக்கிணைப்புக்கு உட்பட்டன. பட்டியல்களின் ஊடே பின்னுள்ளவை தெரிந்தன. சாளரங்கள் மென்மையான நிழலை வீழ்த்தின. அந்நிழலும் ஆல்ஃபாவே. உண்மையில் ஒளிபுகலின் மிகப் பயனுள்ள வடிவம் நிழல்தான். எந்தச் சாளரம் மேலே உள்ளது என்பதை அது ஓசையின்றிச் சொல்லிவிடுகிறது. ஆனால் அன்று இந்த வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுந்தது. 2002 ஆகஸ்டில் வந்த 10.2 பதிப்பில்தான் இணைப்பு வேலை வரைகலைச் செயலிக்கு மாற்றப்பட்டது. அதற்கும் குறைந்தது 16 மெகாபைட் வரைகலை நினைவகம் வேண்டியிருந்தது. இதற்கிடையில் 2000இல் வெளியான விண்டோஸ் 2000, கேட்டுக்கொண்ட சாளரத்துக்கு மட்டும் தனிப்பரப்பு தரும் ஓர் இடைவழியைக் கையாண்டது.

யூனிக்ஸ் குடும்பத்தின் எக்ஸ் சாளர அமைப்பில் நடந்தது சற்றுச் சுவையானது. அடுக்கிணைப்பு அங்கு வருவதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில், முனையச் சாளரங்கள் சில ஒளிபுகுவதுபோல் தோன்றின. முனைய நிரல், மேசைப் பின்னணிப் படத்தின் நகலைப் பெற்று, தான் நிற்கும் இடத்துக்கு உரிய துண்டை வெட்டி, சற்றே இருளூட்டித் தன் பின்புலமாக வரைந்துகொள்ளும். நகர்ந்தால் வேறு துண்டை வெட்டிக்கொள்ளும். இரண்டு சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். இடையிலுள்ள சாளரம் காணாமற்போய்ப் பின்னணிப் படம் மட்டுமே தெரியும். போலி ஒளிபுகல் என்று அக்காலத்தவர் இதனை எள்ளியதுண்டு. கீத் பேக்கார்ட் முதலியோரின் முயற்சியால் 2004இல் அடுக்கிணைப்பு விரிவாக்கம் வந்தபின் போலி மறைந்தது. 2006இல் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் உருவாக்கிய காம்பிஸ், சாளரங்களைக் கனசதுரத்தின் முகங்களில் சுழற்றிக் காட்டியது. எள்ளப்பட்ட அம்முறையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச நேரும்.

இரண்டு குறைகள், இரண்டு மருந்துகள்

வெறும் ஆல்ஃபாவால் ஆன சாளரம் படிப்பதற்கு உகந்ததன்று. இதனை ஆய்வாளர்கள் முன்னதாகவே அறிந்திருந்தனர். பெவர்லி ஹாரிசன், ஹிரோஷி இஷி, கிம் விசென்டே, பில் பக்ஸ்டன் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, சிக்கலைக் கவனத்தின் சிக்கலாக வரையறுத்தது. முன்னுள்ளதில் மட்டும் ஊன்றும் கவனம் ஒன்று. முன்னும் பின்னும் பகிரும் கவனம் மற்றொன்று. ஒளிபுகல் இரண்டாவதற்கு உதவும் அளவு முதலாவதற்கு இடையூறு செய்யும். ஹாரிசனும் விசென்டேயும் 1996இல், ஒளிபுகும் பட்டியல்களின் எழுத்துகளைச் சுற்றி எதிர்நிறத்தில் மெல்லிய விளிம்பு இடும் முறையைச் சோதித்தனர்.

இடையூறு இரு வகைப்பட்டது. இவ்வேறுபாட்டைப் பிரித்தறியாமையே பிற்கால விவாதங்கள் பலவற்றின் குழப்பத்துக்குக் காரணம். முதல் வகை விளிம்புகளின் போட்டி. பின்சாளரத்தின் எழுத்துகளும் கோடுகளும் முன்னெழுத்துகளோடு கலந்துவிடுகின்றன. எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு சிறியதாக இருக்குமிடத்தில் இதன் தீங்கு மிகும். தமிழில் ‘க’வையும் ‘க்’கையும் பிரிப்பது ஒரு புள்ளியே, அப்புள்ளியோடு போட்டியிடப் பின்படத்தின் ஒரு சிறு கறை போதும். இதற்கு மருந்து மங்கலாக்கம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சுற்றுப்புறத்தின் நிறையிட்ட சராசரியை இட்டால் கூர்மையான விளிம்புகள் கரைந்துவிடும்.

இரண்டாம் வகை ஒளிர்வின் சிக்கல். ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஆல்ஃபா 0.4 உள்ள கறுப்புப் பலகையில் வெள்ளெழுத்து இருப்பதாகக் கொள்வோம். அது கறுப்புப் பின்னணிமேல் நிற்கையில் எழுத்துக்கும் பலகைக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் 21:1; இதற்கு மேற்பட்ட விகிதம் திரையில் இல்லை. அதே பலகையை வெள்ளைப் பக்கத்தின்மேல் இழுத்தால் விகிதம் ஏறத்தாழ 2.85:1 ஆகச் சரிகிறது. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறை 2008இல் சாதாரண எழுத்துக்கு வகுத்த அளவு 4.5:1. பின்னணியை எவ்வளவு மங்கலாக்கினாலும் வெள்ளையின் சராசரி வெள்ளையே. ஆகவே மங்கலாக்கம் இக்குறையைத் தொடுவதேயில்லை. இதற்கு மருந்து வண்ணப்பூச்சு, அதாவது பலகையின் ஆல்ஃபாவைக் கூட்டுவது. கூட்டக் கூட்டக் கண்ணாடி பலகையை நெருங்குகிறது. விற்பனை மேடையில் அழகாகத் தெரியும் கண்ணாடிக்கும் மேசையில் படிக்க உதவும் கண்ணாடிக்கும் உள்ள பகை இங்கேதான் தொடங்குகிறது.

மங்கலாக்கத்தின் விலையும் குறைவன்று. ஆரம் 30 புள்ளிகள் எனில் ஒவ்வொரு புள்ளிக்கும் 61×61, அதாவது 3,721 புள்ளிகளைப் படிக்க வேண்டும். காஸ் வளைவரையை ஒட்டிய மங்கலாக்கத்தைக் கிடையாக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை எனப் பிரித்துச் செய்ய இயலும் என்பதால் எண்ணிக்கை 122 ஆகக் குறைகிறது. படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருக்கி, மங்கலாக்கி, மீண்டும் பெரிதாக்குவது மற்றொரு சிக்கனம். மங்கலாவதற்கென்றே வைத்த படத்தில் நுணுக்கம் இழப்பதால் நட்டமில்லை. எனினும் பின்னால் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தால் இவ்வேலை ஒவ்வொரு சட்டகத்துக்கும் புதிதாக நடந்தாக வேண்டும்.

பேட்ரிக் பாடிஷ், கார்ல் குட்வின் ஆகியோர் 2004இல் வேறொரு வழியை முன்வைத்தனர். நிறம், ஒளிர்வு, நுண்ணமைப்பு ஆகியவற்றை ஒரே விகிதத்தில் கலப்பதை விடுத்து, எது எங்கே தேவையோ அதனை மட்டும் காட்டுவது அவர்கள் முறை. கட்டுரையளவில் இது மற்ற எல்லாவற்றையும் விடத் தெளிவான சிந்தனை.

விஸ்டாவின் கண்ணாடி

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா, மேற்சொன்ன மருந்துகளைப் பெருந்தொகையான பயனர்களுக்கு முதன்முதலாகக் கொண்டுசேர்த்தது. சாளரங்களின் சட்டகம் மட்டும் கண்ணாடியாயிற்று. உள்ளடக்கம் பலகையாகவே இருந்தது. சட்டகத்துக்குப் பின்னுள்ளது மங்கலாக்கப்பட்டது. அதன்மேல் வண்ணம் பூசப்பட்டது. அதன் பிறகும் தலைப்பின் எழுத்து தெளிவாக இல்லாததால் எழுத்துக்குப் பின்னால் வெண்ணிற ஒளிவட்டம் இடப்பட்டது. 1996இன் எதிர்நிற விளிம்புக்கு இது உறவு. சாளரத்தைத் திரை முழுவதும் விரித்தால் சட்டகம் இருண்டுவிடும். ஒளிபுகலைத் தன் அடையாளமாக அறிவித்த ஓர் அமைப்பு, நான்கு வெவ்வேறு உத்திகளால் அதனைக் கட்டுப்படுத்த நேர்ந்தது கருதத்தக்கது.

அக்கண்ணாடிக்கு ஒரு வாசற்கட்டணமும் இருந்தது. புதிய இயக்கி அமைப்பை ஏற்கும் வரைகலைச் செயலியும் 128 மெகாபைட் வரைகலை நினைவகமும் உயர்தரத் தகுதிக்கு நிபந்தனைகள். 2006இல் விற்பனைக்கு நின்ற கணினிகள் பலவற்றில் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்ற ஒட்டி இருந்தது; ஆனால் அவற்றுள் கண்ணாடித் தோற்றம் இயங்காதவையும் இருந்தன. அதற்கென வேறோர் ஒட்டி தேவைப்பட்டது. வாங்கியோர் 2007இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடுத்தனர். 2008இல் அது கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது; 2009இல் அத்தகுதி நீக்கப்பட்டது. இன்டெலின் 915 வகைச் சில்லுகள் தகுதி பெறும்படி நிபந்தனை தளர்த்தப்பட்டதை வழக்கில் வெளியான நிறுவன மின்னஞ்சல்கள் காட்டின. சாளர ஓரத்தின் மங்கல் நீதிமன்றம் வரை சென்றது விந்தையாகத் தோன்றலாம். விஸ்டாவில் நிகழ்ந்த அடிப்படை மாற்றம் அடுக்கிணைப்பு. அது கண்ணுக்குப் புலப்படாதது. கண்ணாடியோ அதற்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது. சான்று இல்லாத கணினியை வாங்கியவர் பழைய பொருளைப் பெற்றதாகக் கருதியதில் வியப்பில்லை.

இரண்டும் வேறு என்பதை 2012இல் வந்த விண்டோஸ் 8 மெய்ப்பித்தது. அதில் கண்ணாடி அகற்றப்பட்டது. அடுக்கிணைப்போ முன்பு அணைக்க முடிந்த நிலை மாறி, அணைக்கவே முடியாததாயிற்று.

மேக் தரப்பில் ஒரு சிறு நிகழ்ச்சி. 2007 அக்டோபரில் வந்த 10.5 பதிப்பு, திரையின் மேலுள்ள பட்டியல் பட்டையை ஒளிபுக வைத்தது. பின்னணிப் படம் எதுவோ அதைப் பொறுத்துப் பட்டியலின் படிப்பெளிமை மாறியது. குறைகூறல்கள் எழுந்தன. 2008 பிப்ரவரியில் வந்த 10.5.2 பதிப்பில் அதனை அணைக்க ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது.

கசிவின் மீட்சி

2014இல் மேக்கின் யோசெமிட்டி பதிப்பு ஒளிகசிவைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் மங்கல் மிக அடர்ந்து, உருவம் எதுவும் தெரியாமல் நிறம் மட்டுமே கசிந்தது. ஒளிபுகலைக் குறைக்கும் தெரிவு அணுகல்வசதிப் பகுதியில் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டது. 2017இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த அக்ரிலிக் முறை ஒரு மருத்துவச் சூரணத்தைப் போன்றது: மங்கலாக்கம், விலக்குக் கலப்பு, வண்ணப்பூச்சு, அனைத்தின்மேலும் நுண்மணல் தூவியதுபோன்ற இரைச்சல். மின்கல மிச்சம் கருதும் நிலையிலும், சாளரம் கவனத்தை இழந்த நிலையிலும் அது திண்ணிறமாக மாறிவிடும்.

2021இல் விண்டோஸ் 11 அறிமுகப்படுத்திய மைகா இவ்வரலாற்றின் மிக விந்தையான திருப்பம். மைகா பின்னுள்ள சாளரங்களைப் பார்ப்பதேயில்லை. மேசைப் பின்னணிப் படத்தை ஒரே ஒரு முறை எடுத்து, மங்கலாக்கி, வண்ணம் பூசி, சாளரம் நிற்கும் இடத்துக்கு ஏற்பக் காட்டுகிறது. இடையில் எத்தனை சாளரங்கள் இருந்தாலும் அதற்கு அவை இல்லாதவையே. 1990களின் முனையச் சாளரங்கள் செய்தது இதுவே. அன்று உண்மையான ஒளிபுகலுக்கு வழியில்லாததால் போலி கையாளப்பட்டது. இன்று வழி முழுவதும் இருந்தும், சட்டகந்தோறும் மங்கலாக்கும் செலவையும் பின்சாளர எழுத்துகளின் இடையூறையும் தவிர்க்க அதே போலி தெரிந்தெடுக்கப்படுகிறது. எள்ளப்பட்ட முறையே இறுதியில் படிப்பவருக்கு மிகக் குறைவான தீங்கு செய்வதாக அமைந்தது.

2025 ஜூன் 9 அன்று ஆப்பிள் அறிவித்த லிக்விட் கிளாஸ் எதிர்த்திசையில் சென்றது. மங்கலைக் குறைத்து, விளிம்புகளில் ஒளி வளைவதுபோல் பின்படத்தையே நெளித்துக் காட்டும் கண்ணாடி அது. ஒளிகசிவை விட்டு மீண்டும் ஒளிபுகலை நோக்கிய நகர்வு. படிப்பெளிமை குறித்த குறைகூறல்கள் உடனே எழுந்தன. கோடைக்காலச் சோதனைப் பதிப்புகளில் கண்ணாடியின் கலங்கல் ஒரு முறை கூட்டப்பட்டது. அடுத்த முறை குறைக்கப்பட்டது. செப்டம்பர் 15 அன்று மேக் ஓஎஸ் 26 வெளியாயிற்று. நவம்பரில் வந்த 26.1 பதிப்பின் தோற்ற அமைப்பில் ‘தெளிந்தது’, ‘வண்ணமேற்றியது’ என்ற பொருளில் இரண்டு தெரிவுகள் சேர்ந்தன. 2007இன் பட்டியல் பட்டைக்குத் தெரிவு வர ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. இம்முறை இரண்டு மாதத்துக்கும் குறைவு.